குழந்தை விரிப்புக்குப் பஞ்சு வைக்கக் கடையில் கொடுக்கப் போகிறீர்களா? 4,600 ரூபாயையும் என் அம்மாவின் சேலையையும் பறிகொடுத்தவள் எழுதுகிறேன்

சேலத்தில் ஒரு கடையில் 4,600 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். இன்று மதியம் நான்காவது முறையாகப் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை. புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்கிறார் வீட்டுக்காரர். கீழ்த்தளத்தில் தொட்டில், கொசுவலை, குழந்தை உடைகள் விற்கிறார்கள். மாடியில் ‘கையால் செய்த குயில்ட்’, அதாவது பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு, தைத்துத் தருகிறார்கள். அப்படிப்பட்ட கடைக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு 31 நாள். மருமகனுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. ஐந்தாம் மாதம் தாயும் பிள்ளையும் மலைக்குப் போய்விடுவார்கள். மார்கழியில் அங்கே வெறுந்தரையில் கால் வைக்க முடியாது. குழந்தை குப்புற விழுந்து தவழும் காலத்தில் தரையில் விரிக்க, பஞ்சு வைத்துத் தைத்த விரிப்பு ஒன்று என் கையால் செய்து கொடுக்க நினைத்தேன். தூங்கும் கைக்குழந்தையின் மேல் கனமாக எதையும் போர்த்தக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், கீழே விரிப்பதற்கு மட்டும்தான்.

துணிக்காகக் கடைக்குப் போகவில்லை. போன வருடம் காலமான என் அம்மாவின் சேலைகளை எடுத்தேன். அம்மாப்பேட்டையில் நாற்பது வருடம் தறிக்காரர்களுக்குத் தார் (நெசவுக்கு ஊடையாக ஓடும் நூல் கண்டு) சுற்றிக் கொடுத்துதான் அம்மா எங்களை வளர்த்தார். நூல் ஓடி ஓடி அவருடைய ஆள்காட்டி விரலில் ஒரு கோடே விழுந்திருந்தது. உடுத்தியதெல்லாம் பருத்தி. துவைத்துத் துவைத்துக் கஞ்சியெல்லாம் போய் மெத்தென்று ஆகிவிட்ட பழஞ்சேலை பச்சைக் குழந்தையின் தோலை உறுத்தாது. அதனால்தானே நம் வீடுகளில் தூளி கட்டவும் பழஞ்சேலையைத் தேடுகிறோம்?

ஐந்து சேலைகளில் நைந்த பகுதியை ஒதுக்கிவிட்டு, 5 அங்குலச் சதுரங்களாக 48 துண்டுகள் வெட்டினேன். அகலத்தில் 6, நீளத்தில் 8 வரிசை. தையலுக்கு ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கமும் கால் அங்குலம் போக, 27 அங்குல அகலம், 36 அங்குல நீளம். எல்லாம் கைத்தையல், இரண்டு மாத வேலை. கடைசி வரிசையின் ஆறு துண்டுகளும் அம்மா கடைசி நாட்களில் கட்டியிருந்த சாம்பல் நிறக் கட்டம் போட்ட சேலை. அதில் ஒரு துண்டில், எப்போதோ முள் மாட்டிக் கிழிந்த இடத்தை அம்மாவே இழையோட்டி அடைத்திருந்தார். விரலால் தடவினால்தான் தெரியும். அந்தத் துண்டு கட்டாயம் இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன்.

மேல்துணி முடிந்தது. நடுவில் பஞ்சு பரப்பி, அடித்துணி வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டத் தையல் போடுவதுதான் மிச்சம். அதற்குள் குழந்தை இரண்டு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரி, பத்தியச் சமையல், இரவெல்லாம் கண்விழிப்பு. ஊசி எடுக்க நேரமில்லாமல்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

மாடியில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். துணியை மேசையில் விரித்ததும், “யாருடைய சேலைம்மா இது?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளங்கையை அந்தச் சாம்பல் நிற வரிசையின் மேல் வைத்து, சற்று நேரம் எடுக்கவே இல்லை. “எங்கள் பாட்டி சேலையைத் தொடுவது போல இருக்கிறது. ஒரு நூல் பிசகாமல் தருகிறோம், கவலைப்படாதீர்கள்” என்றாள். அந்த ஒரு நொடியில்தான் நான் விழுந்தேன். உள்ளே வைக்கும் பஞ்சின் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்தாள். நல்ல பருத்திதான், அதில் குறையே இல்லை. கையால்தான் தைப்போம், ஆறு நாளில் கிடைக்கும், 4,600 ரூபாய் என்றாள். அப்போதே 2,600 ரூபாய் போனில் அனுப்பினேன். பில்லை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவின் சேலைமேல் கை வைத்து ஒரு பெண் பேசும்போது பில்லைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஏழாம் நாள் மீதி 2,000 ரூபாயைக் கொடுத்து வாங்கி வந்தேன். மடித்து ரிப்பன் கட்டி, பிளாஸ்டிக் பைக்குள் அழகாகத்தான் இருந்தது. வீட்டில் மகள் தனியாக இருந்ததால் பிரித்துப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டேன்.

நான்கு நாள் முன்பு குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். குழந்தை என் மடியில், விரிப்பு பக்கத்தில். தணலிலிருந்து ஒரு பொறி தெறித்து அதன் ஓரத்தில் விழுந்தது. தட்டி அணைத்துவிட்டேன். மிளகு அளவு ஓட்டை. ஆனால் அதன் உள்ளே கறுப்பாக, மணி போல, கெட்டியாக ஏதோ உறைந்திருந்தது. பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். ஓரத்தைப் பிரித்து உள்ளே இருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து முற்றத்தில் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு, உருகி, சொட்டியது. பருத்தியும் எரியும்தான். ஆனால் காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். உருகித் தோலில் ஒட்டாது. அவர்கள் வைத்திருந்தது பாலியஸ்டர். குழந்தை அதன்மேல் படுத்திருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பிறகுதான் முழுவதும் விரித்துப் பார்த்தேன். கைத்தையல் இல்லை, மெஷின் தையல். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வரிசையை எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழுதான். சாம்பல் நிற வரிசையைக் காணவில்லை. சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு ரோஸ் நிறப் பட்டி வைத்துத் தைத்திருந்ததால், நீளம் குறைந்தது கண்ணில் படவே இல்லை.

உடனே போனேன். “தையல்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறோம்.” மறுநாள் போனேன். “அடித்துணி அளவு போதவில்லை, அதனால் ஓரத்தை வெட்டியிருப்பார்கள். பழைய துணிதானே அம்மா?” வெட்டிய துண்டுகள் எங்கே என்று கேட்டேன். “அன்றன்றைக்கே கூட்டிக் குப்பையில் போட்டுவிடுவோம்.” சேலைமேல் கை வைத்துப் பேசிய அதே பெண்தான் இதையும் சொன்னாள். இந்த முறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் முதலாளி இருந்தார். பில்லைக் காட்டச் சொன்னார். ‘பேபி குயில்ட் 1, ரூ. 4,600’ என்று மட்டும் இருந்தது. “இதில் பருத்தி என்று எங்கே இருக்கிறது? கைத்தையல் என்று எங்கே இருக்கிறது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அடுத்த முறை ஏதாவது வாங்கினால் பத்து சதவீதம் குறைத்துத் தருவாராம். இன்று போனபோது, வாடிக்கையாளர்கள் இருக்கும் நேரத்தில் சத்தம் போடாதீர்கள் என்று படியிறங்கச் சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு இரண்டு நாளாக ஒற்றை டிக்தான் விழுகிறது.

4,600 ரூபாய் எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. அதைக்கூட உழைத்துச் சம்பாதித்துவிடலாம். அந்த ஆறு துண்டுகளை எங்கே போய்த் தேடுவேன்?

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை; குழந்தைக்கு வெந்நீர் வைக்க வேண்டும். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். என்ன பஞ்சு, என்ன அளவு, கையா மெஷினா, எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். துணியைக் கொடுக்கும் முன் வரிசை தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி வாங்கும்போது அங்கேயே விரித்து எண்ணுங்கள். ஓரத்தை மூடித் தைக்கும் முன் உள்ளே வைத்த பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, எரித்துப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை நான் அங்கேதான் போகிறேன். அந்த 4,600 ரூபாய் பில்லும், ஓட்டை விழுந்த விரிப்பும், தீக்குச்சியில் உருகிய அந்தக் கறுப்பு உருண்டையும் ஒரு பையில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன்.