நிலத்தை விடுவிப்பதா, சடங்கைத் தடுப்பதா: முத்துலட்சுமி ரெட்டி முன்னிருந்த இரு வழிகள்

சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசிகளாக அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் பலருக்கும் 1947ஆம் ஆண்டுத் தடைச் சட்டமே நினைவுக்கு வருகிறது. அது, காந்தியடிகளின் கைதைக் கண்டித்து 1930இல் அவர் சென்னை மாகாணச் சட்டசபையிலிருந்து விலகிப் பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த சட்டம். உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்தபோதே அவர் நிறைவேற வைத்தது, 1929ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டத் திருத்தம். இரண்டில் எது கூர்மையான கருவி என்று கேட்டால், நான் 1929ஆம் ஆண்டுத் திருத்தத்தையே சொல்வேன்.

கோயில் பணிக்கு ஒரு பெண் இருக்கும் வரைதான் இனாம் நிலம், அதாவது அப்பணிக்காக மானியமாகத் தரப்பட்ட நிலம், குடும்பத்திடம் நிற்கும் என்ற நிலையில், மகளுக்குப் பொட்டுக்கட்டுவது பக்தி மட்டுமன்று, சொத்தைக் காக்கும் ஏற்பாடுமாகும். 1929ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த முடிச்சையே அவிழ்த்தது: பணிக்கு ஈடாகப் பணம் செலுத்திவிட்டு, நிலத்தைக் குடும்பமே வைத்துக்கொள்ளலாம். யாரையும் சிறைக்கு அனுப்பாமல், வழக்கம் தொடர்வதற்கான காரணத்தை அது எடுத்துவிட்டது.

தண்டனை வழியோ புதியதன்று. சிறுமிகளைத் தீய நோக்கத்துக்காக ஒப்படைப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373ஆம் பிரிவுகளின்படி ஏற்கெனவே குற்றமாக இருந்தது. 1924இல் வயது வரம்பும் பதினெட்டாக உயர்த்தப்பட்டது. எனினும் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது; குடும்பமும் கோயிலும் சேர்ந்து நடத்தும் சடங்கில் புகார் சொல்ல யார் வருவார்? 1947ஆம் ஆண்டுச் சட்டம் சடங்கையே சட்டவிரோதமாக்கி இந்தச் சிக்கலைத் தீர்த்தது, பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணின் திருமணம் செல்லும் என்றும் உறுதிசெய்தது. ஆனால் அதே வீச்சில் கோயில் வளாகத்தில் பெண்கள் ஆடுவதையும் தடைசெய்தது. தங்களை விலைமாதருடன் சேர்த்துப் பேசுவதை எதிர்த்த, தேவதாசி மரபில் வந்த பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றோரின் மனக்குறை இங்கே நியாயமானதே என்று எனக்குப் படுகிறது.

நிலச் சட்டத்துக்கும் எல்லை உண்டு. இனாம் இல்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது எதையும் தரவில்லை; அடைக்கலம் தேடி வந்த அத்தகைய சிறுமிகளுக்காகத்தான் முத்துலட்சுமி தம் வீட்டிலேயே அவ்வை இல்லத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.