கார்ப்பட் ரோட்டா, ஊர்ச் சங்கத்துக்கு குடுக்கிற வேலையா?

அரசாங்கம் காசு போட்டு செய்யுற வேலையால எங்கட மட்டக்களப்பு ஆக்களுக்கு எவ்வளவு கூலி வருது எண்டு பாத்தா கார்ப்பட் ரோட்டு, அதான் மெஷினால தார்க்கலவை விரிச்சுப் போடுற ரோட்டு, பின்னுக்குத்தான் நிக்கும், தார்க்கலவை விரிக்கிற பேவர், ரோலர், டிப்பர் எல்லாம் கொம்பனியோட வரும், ஓட்டுற ஆளும் வெளியூர்தான், ஊர்ப் பொடியனுக்கு மிஞ்சுறது வெயிலுக்க நிண்டு பச்சக்கொடி செவப்புக்கொடி காட்டுற வேலை.

அதே காச உள்ளூர் கொங்கிறீட் ரோட்டுக்கு கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கிட்ட குடுத்துப் பாருங்க. பலகை அடிக்க, கல்லு மண் அள்ள, மிக்சருக்கு தண்ணி ஊத்த, போட்ட கொங்கிறீட் வெடிக்காம ஒரு கிழமைக்கு ஈரச்சாக்கு போட்டு நனைக்க எண்டு எல்லாத்துக்கும் ஆள் வேணும், பொம்புளயளுக்கும் கூலி கிடைக்கும். வாய்க்கால் திருத்துறதும் அப்பிடித்தான், அத சிறுபோகம் வெட்டி முடிஞ்சு மாரி விதைப்பு வரும்வரை செய்யலாம், வாவிக்கு மேற்குப் பக்கம் இருக்கிற படுவான்கரைல கையில காசு ஓடாத நேரம் அது. பில் காசு மட்டும் பிந்தக்கூடாது, பிந்தினா கூலியாளுக்குத்தான் அடி.

பெரிய வேலையே வேணாம் எண்டு சொல்லமாட்டன். 2014ல ஜப்பான் உதவியோட மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிய கடக்கிற பாதைக்கு (மிதவைப் படகுக்கு) காத்துக் கிடக்காம படுவான்கரை ஆக்கள் டவுனுக்கு வேலைக்கு போய் வாறாங்க, அந்தப் பயன் கூலிக்கணக்குல வராது. ஆனா ஊர்ப் பொடியனுகள எடுத்து மண் வெட்டுற பெக்கோ மெஷின் ஓட்ட, கம்பி கட்ட பழக்கணும் எண்டு டெண்டர்லயே எழுதிப்போடுங்க.