கடலோர வண்டியின் கதவுக்கு எது சரி: தேங்காய் எண்ணெயா, கிராஃபைட்டா, ஸ்பிரேயா?

மார்கழி விடியற்காலையில் எங்கள் காசிமேட்டு வீட்டில் உறைகிற பொருள் ஒன்றே ஒன்றுதான், தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டத் தொடங்கிவிடும். ஜனவரி அதிகாலையில் சென்னை 21 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. குளியலறை பாட்டிலில் உறைந்தால் எடுத்து வெயிலில் வைத்துக்கொள்ளலாம். கார் கதவின் சாவித் துளைக்குள் உறைந்தால் என்ன செய்வது?

எனக்கு நடந்தது அதுதான். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டிய காலை, வண்டியின் பேட்டரி இறங்கிக் கிடந்தது. ரிமோட் வேலை செய்யவில்லை. சாவியைப் போட்டால் பாதி நுழைந்தது, திரும்பவில்லை. அழுத்தித் திருப்பியதில் சாவி வளைந்ததுதான் மிச்சம். தண்டையார்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாணா ஊத்தி வெச்சிருக்க, தேங்காண்ணையா? உள்ள ஒரே பிசினா கீது" என்றார். ஆமாம், ஆறு மாதத்துக்கு முன் நான்தான் ஊற்றினேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு பொருளாக வாங்கிப் போட்டுப் பார்த்தேன். கடலை ஒட்டி, கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இது உதவும். இங்கே பூட்டுக்கு எதிரி இரண்டு: உப்பு, தூசி. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். லாரி கிளப்புகிற தூசி அந்த ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் முதல் வாரம் அருமையாக வேலை செய்யும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது, நம்பிவிடுகிறோம். இரண்டுமே தூசியைப் பிடித்து வைக்கும். மிஷின் எண்ணெய் குளிரில் கட்டாது, சிக்குப் பிடிக்காது என்பதால் வீட்டுப் பூட்டுக்குப் பரவாயில்லை. தெருவில் நிற்கும் காருக்கு இரண்டுமே வேண்டாம்.

கிராஃபைட் பவுடரைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். பென்சில் முனையில் இருக்கிற அதே பொருள். உலர்ந்தது, தூசி ஒட்டாது, சாவி வெண்ணெய் போலத் திரும்பும். கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன். கடற்கரையில் ஒரு சிக்கல் உண்டு. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவை. நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் மூன்றும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகிவிடும், அரிபடுவது துத்தநாகம். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் இதைத் தூவினால் கறுப்புச் சேறாகிவிடும் என்பதும் சேர்த்தி.

டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே இங்கே எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. 1953ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவானது. பெயரின் பொருளே தண்ணீரை விரட்டும் 40ஆவது முயற்சி என்பதுதான். அட்லஸ் ஏவுகணையின் மேற்தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். இறுகிப்போன பூட்டைக் கழுவித் திறக்க இதைவிடக் கைகொடுப்பது எதுவும் எனக்கு அகப்படவில்லை. என் பூட்டின் பிசினைக் கரைத்ததும் இதுதான். ஆனால் மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவிட்டு மீதி ஆவியாகிவிடும், மாதக்கணக்கில் வழுக்கு தராது. கழுவுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், காப்பதற்கு வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று, என் முடிவில், டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரே. பிடிஎஃப்இ என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். நன்றாகக் குலுக்கி, குழாயைத் துளையில் வைத்து ஒரு அழுத்து. சாவியைப் பத்து முறை உள்ளே விட்டு எடுத்து, ஒவ்வொரு முறையும் துடைத்துவிட வேண்டும். காய்ந்தபின் ஈரப்பசை இருக்காது, தூசிக்குப் பிடி கிடைக்காது, மின்சாரமும் கடத்தாது. ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, தையில் ஒன்று என்று நான் அடிக்கிறேன். மாதம் ஒரு தடவை ரிமோட்டை விட்டுவிட்டு சாவியாலேயே கதவைத் திறக்கிறேன். ஸ்பிரே இல்லாவிட்டாலும் இந்தப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். வருடக்கணக்கில் அசையாத பூட்டுதான் இறுகும்.

கதவு ரப்பர், மெக்கானிக்குகள் சொல்கிற பீடிங், வேறு கதை. பூட்டுக்கு வாங்கியதையே இதற்கும் அடிக்கக் கூடாது. பீடிங் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர். பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் வேஸ்லைனும் பட்டால் உப்பி, மெத்தென்று ஆகிவிடும். வெயிலில் கதவோடு ஒட்டிக்கொள்கிறதே என்று டால்கம் பவுடர் போட்டால் ஒட்டாது, உண்மைதான். ஆனால் ஒரு மழை போதும், கழுவிக்கொண்டு போய்விடும். ஏறி இறங்குபவர் புடவையில் வெள்ளையாக அப்பிக்கொள்ளவும் செய்யும். நைனியப்ப நாயக்கன் தெருவில் கிளிசரின் வாங்கியும் தடவினேன். ரப்பருக்கு அது கெடுதல் செய்யாது. ஆனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் அதற்கு உண்டு. நம் ஊர் புழுக்கத்தில் பிசுபிசுவென்று மண் ஒட்டியது. சிலிகான் ஸ்பிரே இந்த மூன்றையும் சுலபமாக ஜெயிக்கிறது. முதலில் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் துணியில் அடித்துத் தடவுங்கள். நேராக அடித்தால் கண்ணாடியில் படும்.

இதே சிலிகான் ஊட்டியிலும் காப்பாற்றும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழுகிறது. இரவு முழுக்க வெளியில் நின்ற வண்டியின் பீடிங்கில் தண்ணீர் இருந்தால் கதவு அப்படியே ஒட்டி உறையும். சிலிகான் தடவிய ரப்பரில் தண்ணீர் நிற்காது. அப்படியும் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், ரப்பர் கிழியும். கதவை உள்பக்கமாக அழுத்தித் தள்ளினால் பனி நொறுங்கும். கொதிநீரும் வேண்டாம், சில்லிட்ட கண்ணாடி விரிசல் விடும், வழிந்த நீர் மறுபடி உறையும். சாவித் துளை உறைந்தால் ஆல்கஹால் சானிடைசரை சாவியில் தடவி நுழைத்துக் கொஞ்ச நேரம் விடலாம். அவசரமில்லையென்றால் வெயில் ஏறும்வரை காத்திருப்பதே நல்லது. சானிடைசர் பாட்டிலை மட்டும் இரவில் வண்டிக்குள் விட்டுவிடாமல் அறைக்கு எடுத்துப்போய்விடுங்கள்.