ஃபர்ஸ்ட் இயருக்கு எந்த ஹாஸ்டல்? கல்லூரி விடுதி, தனியார் விடுதி, வாடகை வீடு: ஒரு மதிப்பீடு

கவுன்சலிங்கில் கல்லூரியும் பிரிவும் கிடைத்த கையோடு அடுத்த கவலை வந்துவிடும்: பிள்ளையை எங்கே தங்கவைப்பது? தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளைப் பொறுத்தவரை வழி மூன்றுதான். வளாகத்துக்குள் இருக்கும் கல்லூரி ஹாஸ்டல், கேட்டுக்கு எதிரே தனியார் நடத்தும் விடுதி, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வாடகை வீடு. முதலாண்டுக்குக் கல்லூரி ஹாஸ்டல்தான் சரி. அதிலும் மூன்று பேர் அறை, முதல் அல்லது இரண்டாம் மாடி கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஏசி, ஜிம், வைஃபை வேகம் எல்லாம் பிறகு. தண்ணீர், மேசை, பிளக் பாயின்ட், மெஸ் கணக்கு இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் அது நல்ல ஹாஸ்டல்.

நேரில் போவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க ஒன்று இருக்கிறது. டிஎன்இஏ என்ற தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக் கலந்தாய்வுக்காக வெளியிடும் கல்லூரித் தகவல் கையேட்டில் ஒவ்வொரு கல்லூரிக் குறியீட்டு எண்ணுக்குக் கீழும் விடுதி விவரம் இருக்கும். சொந்தக் கட்டடமா வாடகைக் கட்டடமா, சைவ மெஸ்ஸா அசைவமும் உண்டா, மாத மெஸ் பில், அறை வாடகை, மின்கட்டணம், காஷன் டெபாசிட் (காலிசெய்யும்போது திரும்பக் கிடைக்கும் முன்பணம்) என்று ஆண்கள் விடுதிக்கும் பெண்கள் விடுதிக்கும் தனித்தனியே போட்டிருப்பார்கள். கல்லூரி எழுதிக்கொடுத்த விவரம் என்பதால் தொகை பழையதாக இருக்கலாம். ஆனால் ‘வாடகை’ என்று இருந்தால் உஷாராகிவிடுங்கள். அந்த விடுதி வளாகத்துக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். ராத்திரி லைப்ரரிக்குப் போய்வருவது, லேப் ரெக்கார்டு மறந்துவிட்டால் ஓடிப்போய் எடுத்துவருவது எல்லாம் அங்கே நடக்காது.

அட்மிஷன் நாளில் சுற்றிக்காட்டும் அறையை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். பெயிண்ட் அடித்து, கட்டில் துடைத்து வைத்த அறை அது. கல்லூரி நடக்கும் நாளில், காலை ஏழேகால் மணிக்குப் போக முடிந்தால் போங்கள். பெண்கள் விடுதிக்குள் அப்பாக்களை விடமாட்டார்கள், அம்மாவையோ அக்காவையோ அனுப்புங்கள். அந்த நேரத்தில் கடைசி மாடிக் குழாயைத் திறந்து 15 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிடம் என்றால் பிரச்சினை இல்லை. மூன்றைத் தாண்டினால் மேல்தொட்டி சிறியது, அல்லது எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் ஓடும்போது அழுத்தம் போதவில்லை என்று பொருள்.

குளியலறைக் கணக்கையும் அங்கேயே போட்டுவிடலாம். ஒரு விங்கில் 32 பேர், குளியலறை 4 என்றால் ஒன்றுக்கு 8 பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 80 நிமிடம். எட்டரைக்கு வகுப்பு, டிபனுக்கும் நடைக்கும் சேர்த்து அரை மணி நேரம் போனால், முதல் ஆள் ஆறு மணி நாற்பதுக்கே பக்கெட்டோடு நிற்க வேண்டும். அதே விங்கில் 6 குளியலறை இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாரும் முடித்துவிடுவார்கள். அட்டாச்டு பாத்ரூம் என்றால் பெற்றோர் மகிழ்ந்துவிடுகிறார்கள். பொது பாத்ரூமைக் கழுவ ஆள் வருவார், அறைக்குள் இருப்பதை பெரும்பாலும் பிள்ளைகள்தான் கழுவ வேண்டும். பதினெட்டு வயதில் மூன்று பேர் முறைவைத்துக் கழுவுவது ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பது அரிது. தினமும் கழுவுகிற பொது பாத்ரூமே மேல். வெந்நீர் உண்டு என்று சொன்னால் எது மூலம் என்று கேளுங்கள். மொட்டைமாடி சோலார் ஹீட்டராக இருந்தால் முதலில் குளிக்கிறவர்களோடு தீர்ந்துவிடும். முதல் செமஸ்டரின் பாதி வடகிழக்குப் பருவமழையில் போகிறது, மேகமூட்டமான நாட்களில் அதுவும் இருக்காது.

இன்ஜினியரிங் மாணவருக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியது மேசை. இதை யாரும் பார்ப்பதில்லை. முதலாண்டில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடம் உண்டு. ஏ2 தாள் 594 மில்லிமீட்டர் நீளம், 420 அகலம். இரண்டடி மேசை 610 மில்லிமீட்டர்தான். தாளை விரித்தால் ஸ்கேல் வைக்கக்கூட இடம் இராது. குறைந்தது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம் வேண்டும். இஞ்ச் டேப் கொண்டுபோய் அளந்துவிடுங்கள். பல ஹாஸ்டல்களில் மேசைக்குப் பதில் சுவரில் கடப்பாக்கல் பதித்திருப்பார்கள். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் கோடு வரைய உதவும் மினி டிராஃப்டர் என்ற கருவியை மேசையின் மேல் விளிம்பில், இடது மூலையில் கிளாம்ப் போட்டு மாட்ட வேண்டும். கல்லின் அந்த விளிம்பு சுவருக்குள் போய்விட்டதால் கிளாம்ப் எங்கேயும் பிடிக்காது. டிராஃப்டர் ஆடினால் இணைகோடுகள் சாயும், பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட அறை கிடைத்தால், ஏ2 தாளைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் பெரிதான பிளைவுட் டிராயிங் போர்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கல்லின் மேல் வைத்து வரையலாம். வொர்க்‌ஷாப் லேபில் தச்சு, வெல்டிங், பைப் ஃபிட்டிங் செய்யும்போது அழுக்காகும் கோட், பேண்ட் இரண்டையும் துவைத்துக் காயப்போடக் கூரையுள்ள இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்தது கரண்ட். அறையில் ஆளுக்கு ஒரு பிளக் பாயின்ட், அதுவும் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியர் தாங்கும். 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். இரண்டு அறைகளில் ஒரே நேரத்தில் போட்டால் எம்சிபி (லோடு கூடினால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழும், பக்கத்து அறைகளும் இருட்டாகும். வார்டன் கெட்டிலையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் பிடுங்குவது இதனால்தான், கோபிக்க ஒன்றுமில்லை. ஜெனரேட்டர் உண்டு என்பார்கள். ஃபேன், லைட்டுக்கு மட்டுமா, பிளக் பாயின்ட்டுக்கும் வருமா என்று கேளுங்கள். பைதான் லேபுக்கு முந்தைய ராத்திரி லேப்டாப் சார்ஜ் இல்லாமல் உட்கார்ந்திருப்பது அவஸ்தை.

கடைசி மாடி வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டை இறக்கும், இரண்டாம் செமஸ்டர் பரீட்சை கோடையில்தான் வரும். தரைத்தளத்தில் கொசுவும் மழைக்கால ஈரமும். கட்டிலின் அளவை எடுத்த பிறகு மெத்தை வாங்குங்கள், ஆறடிக்கு இரண்டரையும் உண்டு, மூன்றும் உண்டு. இரும்புக் கட்டிலின் மூலை மடிப்புகளில் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. வேறு கட்டில் கேளுங்கள், இல்லையென்றால் மருந்து அடித்துத் தரும்வரை மெத்தையை விரிக்காதீர்கள். ஒருமுறை மெத்தைத் தையலுக்குள் ஏறிவிட்டால் நாலு வருஷமும் கூடவே வரும்.

மெஸ்ஸில் ருசியைப் பற்றி எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் மோசம் என்றுதான் சொல்லும். நீங்கள் கேட்க வேண்டியது கணக்கை. டிவைடிங் சிஸ்டமா, ஃபிக்ஸடா? டிவைடிங் என்றால் மாதச் செலவு முழுவதையும் மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, 9 லட்சம் ரூபாய் செலவு, 300 பேர் ஆளுக்கு 25 நாள் சாப்பிட்டால் 7,500 நாள், நாளுக்கு 120 ரூபாய். 24 நாள் சாப்பிட்டவருக்கு 2,880. அந்தக் கணக்கை மெஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒட்டுகிற இடத்தை நம்பலாம். ஸ்டடி ஹாலிடேஸில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டால் கேஸ், சமையல்காரர் சம்பளம் போன்ற மாறாத செலவு மிச்சமிருப்பவர்கள் தலையில் விழுந்து நாள் ரேட் ஏறும், அது இந்த முறையின் குறை. ஃபிக்ஸட், அதாவது மாதாமாதம் ஒரே தொகை என்றால் வாரம் தவறாமல் ஊருக்குப் போகும் பிள்ளைக்கு நஷ்டம். எந்த முறையானாலும் லீவு நாட்களை மெஸ் பில்லில் கழிக்கும் மெஸ் ரிடக்‌ஷனுக்குத் தொடர்ந்து எத்தனை நாள் லீவு இருக்க வேண்டும், கடிதம் எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்தில் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று வைத்திருக்கும் கல்லூரிகள் இன்னும் நிறைய. லைப்ரரி எட்டு மணிவரை திறந்திருக்க, பெண்களை மட்டும் ஆறரைக்கு உள்ளே அடைப்பது அநியாயம். அதே கட்டணம் கட்டிச் சேர்ந்தவர்கள்தானே அவர்களும்? ஹாஸ்டலுக்குள்ளேயே ரீடிங் ரூம் இருக்கிறதா, லைப்ரரிக்குத் தனி அனுமதி உண்டா என்று வார்டனிடம் நேராகவே கேளுங்கள். ராகிங் விஷயத்தில் யுஜிசியின் 2009 விதிமுறைகளின்படி மாணவரும் பெற்றோரும் தனித்தனியே உறுதிமொழி கொடுக்க வேண்டும். முதலாண்டினரைத் தனி பிளாக்கில் வைத்திருக்கிறார்களா என்று உறுதிசெய்யுங்கள். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற இலவச எண்ணைப் பிள்ளையின் செல்லில் பதிந்து வையுங்கள்.

தனியார் விடுதியில் சுதந்திரம் அதிகம், பிடிக்காவிட்டால் மாதக் கடைசியில் காலிசெய்துவிடலாம். ஆனால் தண்ணீரும் பாதுகாப்பும் உரிமையாளரின் மனசைப் பொறுத்தது. சென்னை ஓஎம்ஆர் பக்கம் டேங்கர் லாரியை நம்பியே நடக்கும் விடுதிகள் உண்டு. பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பில்லில் ஜிஎஸ்டி சேர்த்தால் கேள்வி கேளுங்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து விலக்கு உண்டு. வாடகை வீடு மூன்றாம் ஆண்டுக்கு நல்லது, முதலாண்டில் சமையல், கேஸ், வீட்டுக்காரர் என்று படிக்கிற நேரம் போய்விடும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் 2021 முதல் அரசே ஏற்கிறது. இது தெரியாமல் வெளியே விடுதி தேடும் குடும்பங்கள் உண்டு. முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

பணம் கட்டும்போது அறை வாடகை, மெஸ் அட்வான்ஸ், காஷன் டெபாசிட் மூன்றுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். திரும்பி வரக்கூடியது டெபாசிட்தான். சாவி வாங்கிய அன்றே ஜன்னல் கண்ணாடி, ஃபேன் ரெகுலேட்டர், ஸ்விட்ச் போர்டு, அலமாரிப் பூட்டு, கட்டில் பலகை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, உடைந்திருப்பதைப் பட்டியலிட்டு வார்டனிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். காலிசெய்யும்போது உடைசலுக்கான தொகையை அந்த அறையில் இருந்தவர்கள் எல்லார் டெபாசிட்டிலும் பிரித்துக் கழிப்பார்கள். பழைய உடைசலுக்கு உங்கள் பிள்ளை கட்டாமலிருக்க அந்தக் கையெழுத்துதான் வேண்டும்.