பிளாரன்ஸின் இரண்டு தாவீதுகள்

மறுமலர்ச்சிக் காலம் மனிதனை எப்படி மதித்தது என்று கேட்டால், இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து இரண்டு தாவீது சிலைகளைத்தான் காட்டுவேன். அரக்கன் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய பைபிள் கதைச் சிறுவன்தான் தாவீது.

தொனாத்தெல்லோவின் வெண்கலத் தாவீது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சண்டை முடிந்துவிட்டது, வெட்டுண்ட கோலியாத்தின் தலைமேல் கால் வைத்து நிற்கிறான் மெலிந்த சிறுவன். கிரேக்க, ரோமானியச் சிற்பிகள் போற்றிய உடலழகை மீட்டெடுத்த சிலை. நகரின் செல்வாக்கு மிக்க மெடிச்சி குடும்பத்தின் மாளிகை முற்றத்தில் நின்றது.

எனக்கு நெருக்கம் மைக்கேலாஞ்சலோவின் பளிங்குத் தாவீதுதான் (1501–1504). ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். இங்கே சண்டை இன்னும் தொடங்கவேயில்லை. கவண் தோளில் கிடக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது. தொங்கும் வலக்கையைப் பாருங்கள்: புறங்கையில் நரம்புகள் புடைத்திருக்கின்றன. தானே யோசித்து, தானே துணியும் மனிதன். அதனால்தான் பிளாரன்ஸ் குடியரசு அவனை அரசு மாளிகை வாசலில், ஊரார் கண்முன் நிறுத்தியது. 1873 வரை வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்றான்.