ஊர் சுத்தப் போனா மூணு டிஸ்க் போதும்: ஏழு வருஷ டிஸ்க் கால்ஃப் அனுபவம்

ஏழு வருஷமா கலிஃபோர்னியால டிஸ்க் கால்ஃப் ஆடறேன், எந்த ஊருக்கு ட்ரிப் போனாலும் ஹோட்டல் புக் பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல கோர்ஸ் இருக்கான்னு பாக்குற வியாதியும் கூடவே ஒட்டிக்கிச்சு. தெரியாதவங்களுக்கு ஒரு வரில சொல்லிடறேன், கால்ஃப்தான், பந்துக்கு பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்கு பதில் செயின் தொங்குற இரும்புக் கூடை.

முதல் ட்ரிப்ல இருவது டிஸ்க் தூக்கிட்டுப் போனேன். ஒண்ணு 170 கிராம்னு வச்சாலே மூன்றரை கிலோ கிட்ட வருது, குழந்தை சாமான் வைக்க இடமில்லன்னு ஏர்போர்ட்லயே வீட்ல ஆரம்பிச்சுட்டாங்க. இத்தனைக்கும் அங்க கைல எடுத்தது நாலே நாலு. இப்ப மூணுதான்: தூரமா வீச இன்னோவா லெப்பர்ட், நடுத்தர தூரத்துக்கு டிஸ்க்ராஃப்ட் பஸ், கூடைக்கிட்ட போட ஒரு இன்னோவா ஏவியார் பட்டர். (ஒரு தடவ "அந்த பட்டர எடுத்து பேக்ல வை"ன்னேன், ஃப்ரிட்ஜத் தொறந்துட்டாங்க.) லெப்பர்ட் மேல 6, 5, -2, 1னு நாலு நம்பர் போட்டிருக்கும். வேகம், மிதக்குறது, முதல்ல வலது பக்கம் எவ்ளோ திரும்பும், கடைசில இடது பக்கம் எவ்ளோ விழும், எல்லாம் வலது கைல பேக்ஹேண்ட் (கைய உடம்புக்குக் குறுக்க கொண்டு வந்து வீசறது) போடறவங்க கணக்கு. வேகம் 12, 13னு இருக்குற ட்ரைவர் (ரொம்ப தூரம் போற டிஸ்க்) எல்லாம் என் கை வேகத்துக்கு நேரா போகாது, அத ஒத்துக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

மறக்க முடியாத கோர்ஸ்னா சாண்டா குரூஸ் டிலவேகா, அந்த ஊர்க்காரங்களுக்கு வெறும் "டிலா". 1984ல இருந்து இருக்கு. 27வது ஹோல் (வீசற எடத்துல இருந்து ஒரு கூடை வரைக்கும் ஒரு ஹோல்) பேரு "டாப் ஆஃப் த வேர்ல்ட்", மேட்டு உச்சில நின்னா தூரத்துல மாண்டரே வளைகுடா தெரியும், கூடை கீழ பள்ளத்துல. அங்க லெப்பர்ட விட்டேன், எனக்கு முன்னாடி கால் நிமிஷம் பறந்த மாதிரி இருந்துச்சு, அப்புறம் காத்துல திரும்பி நேரா புதருக்குள்ள. போய் கைய விட்டு எடுத்தேன். மூணு மூணு இலையா பளபளன்னு இருந்த அந்தச் செடி பாய்சன் ஓக்னு ராத்திரி மணிக்கட்டு அரிக்க ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சுது, ரெண்டு வாரம் படுத்திருச்சு. அதோட எண்ணெய் டிஸ்க்லயும் ஒட்டிட்டு வரும், அதனால புதர்ல விழுந்த டிஸ்க்க பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு கழுவாம பேக்ல வைக்காதீங்க.

சான் ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பார்க்ல 18 ஹோல் இருக்கு, ஃப்ரீ, ஆனா ஆகஸ்ட்லயும் பனிமூட்டம், டிஸ்க் ஈரத்துல வழுக்கும், துண்டு கண்டிப்பா வேணும்.

கொலராடோ மலைல வேற கத. அங்க காத்து லேசு, அதனால டிஸ்க் வலது பக்கம் திரும்பவே மாட்டேங்குது, சீக்கிரமே இடது பக்கம் சரிஞ்சிடுது. முதல் மூணு ஹோல் வரைக்கும் என் கைலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டு இருந்தேன். லெப்பர்ட் மாதிரி வலது பக்கம் நல்லா திரும்புற டிஸ்க்தான் அங்க நேரா போச்சு.

ஆஃபீஸ் வேலையா ஜூன்ல ஹெல்சின்கி போனப்ப மீட்டிங் முடிஞ்சு, சாப்பிட்டுட்டு, எட்டு மணிக்கு மேல டாலி பார்க்குக்கு கெளம்பினா, பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம். அங்க அத ஃப்ரிஸ்பீகோல்ஃப்னுதான் சொல்றாங்க. ஸ்ட்ரோலர் தள்ளிட்டு ஒரு அம்மா, தாத்தா, பேரன்னு குடும்பமா வந்து ஆடுறாங்க. ஹோட்டல், மீட்டிங் ரூம் தவிர அந்த ஊர்ல நான் பாத்த ஒரே எடம் அதான், ஆனா ஒரு வாரத்துல அந்த ஊர் மனுஷங்கள்ட்ட பேசினதும் அங்க மட்டும்தான்.

எல்லாம் ஆரம்பிச்ச எடமும், அதாவது முதல் நிரந்தர டிஸ்க் கால்ஃப் கோர்ஸும் பாத்தாச்சு, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஓக் க்ரோவ், 1975. அத டிசைன் பண்ண எட் ஹெட்ரிக்தான் செயின் கூடையும் கண்டுபிடிச்சவரு. 2002ல அவர் போனதுக்கு அப்புறம், நம்மூர்ல அஸ்திய ஆத்துல கரைப்போம்ல, இவரு அஸ்திய பிளாஸ்டிக்ல கலந்து டிஸ்க்கா வார்த்துட்டாங்க, அவர் ஆசப்பட்டபடியே. சொன்னா வீட்ல நம்பவே இல்ல.

கோர்ஸ் தேட யூடிஸ்க் ஆப்தான், மேப் பாத்து நடந்தா அடுத்த டீ (வீச ஆரம்பிக்கிற எடம்) எங்கன்னு முழிக்க வேணாம். டிஸ்க் பின்னாடி ஃபோன் நம்பர் எழுதிடுங்க, தொலைச்ச ரெண்டு டிஸ்க் அப்படித்தான் திரும்பி வந்துச்சு. போறதுக்கு முன்னாடி அன்னிக்கு டோர்னமென்ட் இருக்கான்னும் பாத்துக்கோங்க, நான் பாக்காம ஒரு தடவ ரெண்டரை மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய் வேலிக்கு வெளிய நின்னு வேடிக்க பாத்துட்டு வந்தேன். அன்னில இருந்து வீட்ல ஒரு ரூல், கோர்ஸ்க்கு காலைல ஏழு மணிக்குப் போய் பத்துக்குள்ள ஹோட்டல் வந்துடணும், பஃபே மூடறதுக்கு முன்னாடி.