கருத்தரங்குக்கு வருகிறவர்கள் எங்கே தங்கலாம்? நாகர்கோவிலா, கன்னியாகுமரியா?

குமரி மாவட்டத்துக் கல்லூரியில் கருத்தரங்கு என்று அழைப்பிதழ் போனதும் வெளியூர் ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, "கடல் பக்கத்தில் ரூம் கிடைக்குமா?" என்றுதான். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. சூரியன் கடலில் உதிப்பதையும் கடலில் மறைவதையும் பார்க்கத்தானே ஊர் ஊராக இங்கே வருகிறார்கள். ஆனால் நாகர்கோவிலில் இருந்துகொண்டு, வருகிறவர்களை வரவேற்று அனுப்பும் வேலையைச் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று சொல்கிறேன்: நாகர்கோவில் கல்லூரிக்குக் கட்டுரை வாசிக்க வருகிறவர் நாகர்கோவிலிலேயே தங்குவதுதான் நல்லது. கடலுக்குத் தனியாக ஒரு நாள் கொடுங்கள்.

இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். பேருந்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் கொட்டாரம், சுசீந்திரம், கோட்டாறு என்று கடைத்தெருக்களுக்கு நடுவே ஊர்ந்து வர வேண்டிய சாலை அது. காலை நேரத்தில் பள்ளிப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டால் ஒரு மணி நேரம் போய்விடும். ஒன்பது மணிக்குப் பதிவு, அப்புறம் தொடக்க விழா, உடனே முதல் அமர்வு. பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அமர்வுத் தலைவர் அடுத்தவரை அழைத்துவிடுவார். தாமதமாக வந்தவருக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கட்டுரைக்கு இப்படி நேரக்கூடாது.

தூரத்தைவிடப் பெரிய காரணம் மாலை நேரம். கருத்தரங்கில் நமக்கு உண்மையாகப் பயன்படுகிற பேச்சு பெரும்பாலும் அமர்வு முடிந்த பிறகுதான் நடக்கிறது. நாகர்கோவில் விடுதிகளில் தங்கியவர்கள் ஆறு மணிக்கு மேல் சேர்ந்து வெளியே வருவார்கள். அரங்கில் கேட்கத் தயங்கிய கேள்வியை ரசவடையும் டீயும் வைத்துக்கொண்டு மூத்த பேராசிரியரிடம் கேட்டுவிடலாம். அவரும் மேடையில் சொல்லாததைச் சொல்வார். இன்னொரு பல்கலைக்கழகத்தில் அதே தலைப்பில் வேலை செய்கிற மாணவர் அறிமுகமாவார். கன்னியாகுமரியில் தங்கியவரோ அஸ்தமனத்தைப் பிடிக்க நாலரை மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பார். முதல்முறை கட்டுரை வாசிக்கும் முனைவர் பட்ட மாணவர்கள் இந்த மாலைப்பொழுதை இழக்கக்கூடாது என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

கன்னியாகுமரிக்கு உள்ள பலமும் சின்னதல்ல. ஜன்னலைத் திறந்தால் கடல், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை. குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு, தான் அரங்கில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கவலை இருக்காது. ஆனால் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக வரும் காலம். அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும். மறுநாள் வாசிக்க வேண்டிய கட்டுரையை அமைதியாக ஒருமுறை பார்க்கலாம் என்றால் அந்த மாதங்களில் நடக்காது. நாகர்கோவிலிலும் ஒரு சிக்கல் உண்டு: பெரிய முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார் விடுதிகளை முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள். கருத்தரங்குத் தேதியை நாட்காட்டியில் ஒருமுறை பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.

கல்லூரி விடுதியிலேயே இடம் தருகிறார்கள் என்றால் மாணவர்கள், குறிப்பாகத் தனியாக வரும் பெண்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். வாசல் அடைக்கும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் கருத்தரங்கு நாகர்கோவிலில் நடந்தால். அகஸ்தீஸ்வரம் பக்கம் என்றால் கணக்கு மாறிவிடும். அங்கே கன்னியாகுமரிதான் பக்கம். மார்த்தாண்டம் என்றால் மார்த்தாண்டத்திலேயே தங்குங்கள். கடற்கரையிலிருந்து தினமும் ஐம்பது கிலோமீட்டர் வந்து போவது உடம்புக்கு ஆகாது.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலிலும் இதே மாதிரி இரண்டு வழி. 2024 ஆகஸ்ட் 31 முதல் எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத் ஓடுகிறது. அதிகாலையில் ஏறினால் பிற்பகலில் இங்கே இருக்கலாம். முந்தின நாளே வந்து குளித்து, ஓய்வெடுத்து, கட்டுரையைப் பார்க்க இது அருமையான வண்டி. புதன்கிழமை ஓடுவதில்லை. திரும்பிப் போக மட்டும் அது ஒத்துவராது. பிற்பகலிலேயே கிளம்பிவிடும், உங்கள் நிறைவு விழா அப்போது தொடங்கியே இருக்காது. போகும்போது மாலையில் புறப்படும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்தான் சரி. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்டது என்ற மின்னஞ்சல் வரும்வரை காத்திருந்தால் காத்திருப்புப் பட்டியல்தான் மிஞ்சும். விமானம் என்றால் திருவனந்தபுரம் பக்கம், தூத்துக்குடி கொஞ்சம் தூரம். ஆனால் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி வழியாக வரும் நான்குவழிச் சாலையில் வண்டி தடையில்லாமல் ஓடும். திருவனந்தபுரம் சாலையில் நெரிசல் அதிகம்.

பையில் வைப்பதைப் பற்றி இரண்டு சொல். தமிழில் சிலைடு செய்கிறவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎப் ஆகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்துரு இல்லாத அரங்குக் கணினியில் உங்கள் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துகளாக நிற்கும். அப்புறம் குடை. சென்னைக்காரர்கள் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை என்று நினைப்பார்கள். இங்கே ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் விடாது.

சரி, கடலுக்கு வருவோம். கருத்தரங்கு முடிந்த மறுநாள் இருட்டோடு நாகர்கோவிலில் பஸ் ஏறினால் உதயத்துக்குக் கடற்கரையில் இருக்கலாம். காலையில் அரசின் பூம்புகார் கப்பல் கழகப் படகுக்கு வரிசையில் நின்று விவேகானந்தர் பாறைக்குப் போய், அங்கிருந்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் சிலைக்குப் போகலாம். அலை அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் இதை இரண்டு அமர்வுக்கு நடுவே நுழைக்க வேண்டாம் என்கிறேன். திரும்பும் வழியில் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இறங்கி இசைத்தூண்களைப் பார்க்கலாம்.

வரலாறு, கலை, கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு நான் பாறையைவிட முன்னால் வைப்பது தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையை. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. மரவேலைப்பாட்டை நின்று பார்க்க அரை நாளாவது வேண்டும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அதனால் சனி, ஞாயிறு கருத்தரங்குக்கு வருகிறவர்கள் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்து அதைப் பார்த்துவிடுங்கள்.